குழாயைத் திறந்தால் பியர்… பெட்டியைத் திறந்தால்?

கைப்பிடியை முன்னால் இழுத்தால் பியர் இறங்குகிறது. எட்டு விநாடியில் ஒரு பைன்ட் கிளாஸ் நிரம்பி, மேலே ஓர் அங்குலம் நுரை நிற்கிறது. பாருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதோடு காட்சி முடிந்தது. நமக்கு முடியுமா? அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, பலகைக்கு அடியில் எது ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டிருக்கிறது, சுருட்டிச் சுருட்டி வைத்திருக்கும் அவ்வளவு நீளக் குழாய் எதற்கு, மூலையில் பதுங்கியிருக்கும் சிலிண்டருக்கு என்ன வேலை… இதையெல்லாம் எட்டிப் பார்க்காமல் நகர்ந்தால் நாமெல்லாம் என்ன பத்திரிகைக்காரர்கள்!

செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். படியிறங்கும்போது தலையைக் குனியவும், கூரை தாழ்வு.

பியர் ஊரில் ஒரு பேஸ்மென்ட்

இடம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வளர்த்த ஊர். பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர், பிளாட்ஸ் என்று நான்கு பெரிய பியர் ஆலைகள் ஒரே ஊரில் புகைவிட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஷ்லிட்ஸ் ஆலை 1981இல் மூடப்பட்டது, பாப்ஸ்ட் 1996இல். மில்லர் இன்றும் அங்கே காய்ச்சிக்கொண்டிருக்கிறது. ஊரின் பேஸ்பால் அணிக்கு என்ன பெயர் தெரியுமா? ‘புரூவர்ஸ்’. பியர் காய்ச்சுகிறவர்கள் என்று அர்த்தம்!

இப்படிப்பட்ட ஊரில் பேஸ்மென்ட் இருந்தால் அதில் பார் இருக்கும். பழைய வீடுகளில் தாத்தா காலத்து மர பார் இன்னும் அப்படியே கிடக்கிறது. நாம் நுழைந்திருக்கும் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பிளம்பர். பழைய பாரைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார். குழாய் வேலை முழுக்க அவருடையது, மர வேலையும் பாலிஷும் மகளுடைய பொறுப்பு. இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில்கூட லேசில் ஒத்துப்போவதில்லை என்பதால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

வெளியே வாங்கிய பியர் இந்த பாரில் கிடையாது. மாடியில் சமையலறையில் காய்ச்சி, கீழே கொண்டுவந்து புளிக்கவைத்து, அதைக் குழாயில் விடுவதுதான் திட்டம். இதற்கு அனுமதி கிடைத்த கதையும் சுவாரசியம். அமெரிக்காவில் 1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் நீங்கியது. அப்போது வீட்டில் ஒயின் செய்துகொள்ளலாம் என்று வழிவிட்டார்கள், பியரை விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க 45 வருடம் ஆனது! 1978 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 100 காலன், வயது வந்தவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. மாநிலங்களில் கடைசியாக மனமிரங்கியவை மிசிசிப்பியும் அலபாமாவும், 2013இல்.

200 காலன் என்றால் 757 லிட்டர். நம் பிளம்பர் வைத்திருக்கும் ‘கெக்’ என்ற 5 காலன் ஸ்டீல் பீப்பாயில் ஊற்றினால் 40 கெக். “அவ்வளவு காய்ச்ச எனக்கு முதுகு ஒத்துழைக்காது” என்கிறார்.

33 + 7¼ + 1½ = பரவசம்!

பாரின் உயரம் 42 அங்குலம். இதில் பேரம் கிடையாது. 30 அங்குல ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கை இயல்பாகப் பலகையில் படும் உயரம் அதுதான். நின்றுகொண்டு சாய்பவருக்கும் அதுவே சரி. ஆளுக்கு 24 அங்குல அகலம். முழங்கால் இடிக்காமல் இருக்கப் பலகை முன்பக்கம் 10 அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கால் வைக்கும் பித்தளைக் கம்பி தரையிலிருந்து 7, 8 அங்குல உயரத்தில். பின்னால் ஊற்றிக் கொடுப்பவர் நடமாடக் குறைந்தது 30 அங்குலம். பேப்பரில் வரைந்தபோது எல்லாம் அழகாக உட்கார்ந்தது.

ஆனால் பியர் பீப்பாய்களைக் குளிர்விக்கும் பெட்டியை எங்கே ஒளிப்பது?

கடையில் ரெடிமேடாக கெக் கூலர் கிடைக்கிறது. 24 அங்குல அகலத்தில், சமையலறை மேடைக்கு அடியில் நுழைகிற மாதிரி. அதில் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று குழாய்தான். பிளம்பருக்கு நான்கு வேண்டும். அதனால் அவர் வாங்கியது 7 கன அடி கொள்ளளவுள்ள, மேலே திறக்கும் டீப் பிரீஸர். ஐஸ்கிரீம் கடைகளில் பார்ப்போமே, அதேதான். மேலே திறப்பதால் மூடியைத் தூக்கினாலும் குளிர் காற்று கொட்டிப்போகாது, கனமானது கீழேயே கிடக்கும்.

பெட்டியின் உயரம் 33 அங்குலம். அதன் மூடியைக் கழற்றிவிட்டு, விளிம்பைச் சுற்றி மரச்சட்டம் ஒன்றை உட்காரவைக்கிறார்கள். ‘காலர்’ என்கிறார்கள் அதை. அமெரிக்க மரக்கடையில் 2×8 என்று கேட்டு வாங்கும் பலகையை அளந்து பார்த்தால் 2 அங்குலமும் இருக்காது, 8 அங்குலமும் இருக்காது. இழைத்த பிறகு நிற்பது 1½ × 7¼. ஏமாற்று அல்ல, அந்த ஊர் வழக்கம். சரி, கணக்கைப் போடுங்கள். பெட்டி 33, காலர் 7¼, மேலே போடும் ஓக் பலகை 1½. மொத்தம் 41¾! அடியில் கால் அங்குல ரப்பர் திண்டு வைத்தால் 42. பிரீஸரை பாருக்குள் ஒளிக்கவே வேண்டாம், பிரீஸரே பாராக நிற்கும்! மகள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அப்பா அவளை வாயாரப் பாராட்டினாராம். அந்த வீட்டில் அது அபூர்வம்.

சுவரைத் தொடாதே!

காலர் எதற்கு என்று கேட்டீர்களானால், உயரம் அதன் பாதி வேலைதான். மீதிப் பாதி பிரீஸரின் உயிரைக் காப்பது.

இந்த வகைப் பெட்டியின் வெளிப்புறத் தகட்டில் கைவைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளேயிருந்து உறிஞ்சிய வெப்பத்தை வெளியே விடும் பைப்புகள் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் சுவர் முழுக்க ஓடுகின்றன. குழாய்க்கு வழி வேண்டுமே என்று டிரில்லிங் மெஷினை எடுத்து அங்கே ஒரு துளை போட்டால், பைப்பில் படாமல் தப்புவது அதிர்ஷ்டம். பட்டால் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், பெட்டி பழைய இரும்புக்கடைக்கு. அதுவும் இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. ஆகவே துளை எல்லாம் மரக் காலரிலும் மேற்பலகையிலும்தான். பியர் வெளியே வர நான்கு, ஒயர் நுழைய ஒன்று. எல்லாம் மரத்தில். பெட்டி கற்போடு இருக்கிறது.

காலரின் உள்பக்கம் 1 அங்குல ஃபோம் அட்டை ஒட்டி, மூட்டுகளில் சிலிக்கான் இழுத்திருக்கிறார்கள். மரம் பெட்டியில் உட்காரும் இடத்தில் ரப்பர் பட்டை. பின்பக்கம் கீல். கெக் மாற்ற வேண்டுமென்றால் காலர், ஓக் பலகை, குழாய்க் கோபுரம் எல்லாம் சேர்ந்து மொத்தமாக மேலே எழும். கார் டிக்கியில் இருக்கும் கேஸ் தண்டு இரண்டைப் பொருத்தியிருப்பதால் ஒற்றைக் கையால் தூக்கலாம். நான் தூக்கிப் பார்த்தேன். திரும்பவும் தூக்கிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கையை எடுக்கச் சொன்னார்கள்.

அடுத்ததுதான் பலர் கோட்டைவிடும் இடம். சுவர்தான் வெப்பத்தை விடுகிறது என்றால், சுவரைச் சுற்றி ஓக் பலகையால் இறுக்கி மூடினால் என்ன ஆகும்? பெட்டிக்கு மூச்சு முட்டும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கரன்ட் பில் எகிறும், கொஞ்ச நாளில் கம்ப்ரஸர் ஆயுளும் முடியும். அதனால் பாரின் மர முகப்புக்கும் பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் சில அங்குல இடைவெளி. முன்பக்கம் கீழே ஒரு கிரில், பின்பக்கம் மேலே ஒரு கிரில். சூடான காற்று தானாக மேலே ஏறும், கீழே புதுக் காற்று நுழையும். உதவிக்கு ஒரு கம்ப்யூட்டர் விசிறி. ரெடிமேட் கூலர் வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முன்பக்கம் வெப்பத்தை விடும் ‘பில்ட்-இன்’ வகையை மட்டும்தான் அலமாரிக்குள் செருகலாம். பின்பக்கம் விடும் வகை வெளியில் தனியாக நிற்கத்தான் லாயக்கு.

பெட்டிக்குள் யார் யார்?

பலகையைத் தூக்கியாயிற்று. எட்டிப் பாருங்கள்!

முதலில் கண்ணில் படுவது நான்கு ஸ்டீல் உருளைகள். இவைதான் ‘கார்னி கெக்’. 5 காலன், ஏறக்குறைய 19 லிட்டர். இவற்றின் பூர்வாசிரமம் பியர் அல்ல. பெப்சியும் கோக்கும் தங்கள் சோடாப் பாகைக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பாத்திரங்கள். பிறகு அந்த நிறுவனங்கள் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை என்று மாறின, பழைய கெக்குகள் கொள்ளை மலிவாக வெளியே வந்தன. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள். வாய்ப்பூட்டை வைத்து வம்சாவளி சொல்லிவிடலாம். ‘பால் லாக்’ என்றால் பெப்சி வீட்டுப் பிள்ளை, ‘பின் லாக்’ என்றால் கோக்.

பியர் கம்பெனியின் பெரிய கெக்கை ஏன் வைக்கவில்லை? அதில் 15.5 காலன் பிடிக்கும். நிரம்பினால் 160 பவுண்டு, அதாவது 73 கிலோ! அதைப் பேஸ்மென்ட் படியில் இறக்கி, 33 அங்குல உயரம் தூக்கி, பெட்டிக்குள் இறக்குவது யார்? கார்னி நிரம்பினாலும் 24 கிலோவுக்குள்தான். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுப் பழகியவர்கள் ஒற்றை ஆளாகச் செய்துவிடலாம்.

மூலையில் ஒரு மேடு. அதன் அடியில்தான் கம்ப்ரஸர். காலர் போட்டு உயரம் கூட்டியதால் அந்த மேட்டின் மேலும் ஒரு கெக் நிற்கிறது. அதற்குப் பக்கத்து இடுக்கில் அலுமினிய சிலிண்டர். உள்ளே 5 பவுண்டு கார்பன் டை ஆக்ஸைடு, திரவமாக. தலையில் ரெகுலேட்டர், அதில் இரண்டு மீட்டர். ஒன்று சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும், அறைச் சூட்டில் 800 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) மேல். இன்னொன்று வெளியே போவதைக் காட்டும், வெறும் 12. முதல் மீட்டரைப் பார்த்து ‘இன்னும் நிறைய இருக்கிறது’ என்று நம்புகிறவர் பார்ட்டி நடுவில் அவமானப்படுவார். உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை முள் அசையாது, தீர்ந்த பிறகு சரசரவென்று இறங்கும். நம் வீட்டு சமையல் கேஸ் மாதிரியேதான், எவ்வளவு மிச்சம் என்று தெரிய எடை போட்டுப் பார்க்க வேண்டும். காலி எடையை சிலிண்டர் கழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள்.

சுவரில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. சிவப்பு எழுத்தில் 38. ஃபாரன்ஹீட்தான், நம் கணக்கில் 3.3 டிகிரி செல்சியஸ். பிரீஸர் பிறவிக் குணத்தில் எல்லாவற்றையும் கல்லாக்கத் துடிக்கும், விட்டால் பியர் உறைந்து கெக் வீங்கிவிடும். அதனால் பிரீஸரின் பிளக்கை இந்தக் கன்ட்ரோலரில் செருகுகிறார்கள். 38க்கு வந்ததும் கரன்டை நிறுத்தும், 40 ஆனதும் கொடுக்கும். நிறுத்திய உடனே திரும்ப ஓடவிட்டால் கம்ப்ரஸர் திணறும் என்பதால் நடுவே 3 நிமிடம் கட்டாய ஓய்வு. வெப்பம் பார்க்கும் முனையைக் காற்றில் தொங்கவிடாமல் கெக்கின் உடம்பில் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போர்த்தியிருக்கிறார். நமக்கு வேண்டியது பியரின் வெப்பம், காற்றின் வெப்பம் அல்ல. மூடியைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் பதறிப்போய் ஓடாமல் இருக்க இதுதான் வழி.

இன்னும் இரண்டு வாமனர்கள் உண்டு. அடியில் ஒரு விசிறி, இல்லாவிட்டால் குளிர் கீழே தேங்கி மேற்பகுதி வெதுவெதுத்துப்போகும். ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் டப்பா. இல்லையென்றால் தரையில் தண்ணீர் கட்டும், பூஞ்சை வரும்.

மூன்று மீட்டர் குழாயும் ஒரு கிளாஸ் நுரையும்

ஒவ்வொரு கெக்கின் தலைமேலும் குழாய் சுருட்டிக் கிடக்கிறது. கெக்கிலிருந்து வெளியேறும் துவாரம் வரை ஒன்றரை அடிகூட இல்லை. ஆனால் குழாயின் நீளம் 10 அடி! மிச்சத்தை வெட்டி எறிய வேண்டியதுதானே?

எறிந்தால் கிளாஸில் நுரை மட்டும்தான் வரும். காரணம் இதுதான். வாயு குளிர்ந்த திரவத்தில்தான் நன்றாகக் கரையும், அழுத்தம் கூடினால் இன்னும் கரையும். அழுத்தம் பற்றிய இந்த இரண்டாவது பாதி, வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேயர் 1803இல் வகுத்துச் சொன்ன விதி. 38 டிகிரியில் 12 பிஎஸ்ஐ கொடுத்து விட்டுவிட்டால், ஒரு பங்கு பியரில் இரண்டரைப் பங்கு வாயு தானாகக் கரைந்து நிற்கும். நாக்கில் சுருக்கென்று தைக்கும் அளவு அதுவே. ஆனால் அதே 12 பிஎஸ்ஐயோடு பியர் குழாய் வாயை வந்து முட்டினால்? சட்டென்று அழுத்தம் விலகி, கரைந்திருந்த வாயு முழுக்கக் கிளம்பிவிடும். ஆக, அழுத்தத்தை வழியிலேயே செலவழித்தாக வேண்டும். 3/16 அங்குல உள்துவாரம் உள்ள ஒடுக்கமான குழாயில் உரசி உரசி வரும்போது பியர் வேகத்தை இழக்கிறது. 10 அடி தாண்டி வாய்க்கு வருகையில் சாதுவாகிவிடுகிறது.

குளிர், அழுத்தம், குழாயின் நீளம். இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கணக்குக் கேட்கும். ‘பியர் மெதுவாக வருகிறதே’ என்று அழுத்தத்தை ஏற்றினால் ஒரு வாரத்தில் கெக் முழுக்க அதிக வாயு கரைந்து நுரைத்துத் தள்ளும். ‘நுரைக்கிறதே’ என்று அழுத்தத்தைக் குறைத்தால் குழாய்க்குள்ளேயே குமிழி கிளம்பி இன்னும் நுரைக்கும், பியரும் சப்பென்று ஆகும். பிளம்பர் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணடிக்கிறார். நாற்பது வருடத் தொழில் அனுபவம் பேசுகிறது.

நான்கு குழாயில் மூன்றுதான் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படும். நான்காவது குழந்தைகளுக்கானது, ரூட் பியர். பெயரில்தான் பியர், போதை கிடையாது. அதற்கு சோடா மாதிரி வாயு நிறைய வேண்டும் என்பதால் 30 பிஎஸ்ஐ, தனி ரெகுலேட்டர், இரண்டு மடங்கு நீளக் குழாய். தவிர, ஒருமுறை ரூட் பியர் ஓடிய குழாயில் அந்த வாசனை போகவே போகாது. என்ன ஊற்றிக் கழுவினாலும் அடுத்து விடும் பியரில் அது எட்டிப்பார்க்கும். எனவே அந்தக் குழாய் ஆயுசுக்கும் ரூட் பியருக்கே தாரைவார்க்கப்பட்டது.

சவப்பெட்டியில் ஒரு குளிர் காற்று

பலகையின் மேல் நீளமாக ஒரு மரப்பெட்டி நிற்கிறது, அதில் வரிசையாக நான்கு குழாய். இந்த வட்டாரத்தில் அதற்குப் பெயர் ‘காஃபின்’. ஆமாம், சவப்பெட்டி! நீளமும் குறுக்கும் பார்த்தால் பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது.

இதிலும் ஒரு ரகசியம். பெட்டிக்குள் பியர் 38 டிகிரி, சரி. ஆனால் குழாய்க் கோபுரம் அறைச் சூட்டில் அல்லவா நிற்கிறது? அங்கே தங்கியிருக்கும் பியர் சூடாகும், முதல் கிளாஸ் நுரையாகக் கொட்டும். ஊரில் பாதி வீட்டு பார்களின் தீராத வியாதி இது. பிளம்பரின் மருந்து எளிமையானது. கெக் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வளையும் பைப் மேலே போகிறது, அடியில் விசிறி. குளிர்ந்த காற்று ஓயாமல் சவப்பெட்டிக்குள் ஏறி, குழாய்களின் முதுகைத் தடவி, மறுபக்கம் இறங்கி வருகிறது. உள்ளே கையை விட்டேன். சில்ல்ல்!

குழாய்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பித்தளைக்கு மேல் குரோமியம் பூசியது விலை குறைவு. ஆனால் பியரின் புளிப்பு நாளடைவில் பூச்சை அரித்துவிடும், அப்புறம் ஒவ்வொரு மடக்கிலும் உலோக வாசனை.

மூடிகள் உறையும் பலகை

இப்போது மகளின் ராஜ்ஜியம். ஓக் பலகை முழுக்கப் பழைய பியர் பாட்டில் மூடிகள். ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், பிளாட்ஸ் என்று தாத்தா சேர்த்து வைத்த டப்பா. வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை வாங்கிய நெளிமூடியின் வாரிசுகள்தான் உலகம் முழுக்க. ஓரத்துப் பற்களை எண்ணிப் பாருங்கள், 21. அமெரிக்காவில் குடிக்க அனுமதிக்கும் வயதும் 21! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஆனாலும் விருந்தினர் வந்தால் சொல்ல ஒரு விஷயம் ஆயிற்று.

மூடிகள் மேல் எபாக்ஸி என்ற பிசினை ஊற்றிக் கண்ணாடியாக உறையவிட வேண்டும். மூடியின் குழிக்குள் காற்று இருக்கும். அப்படியே கவிழ்த்து வைத்து ஊற்றினால் அந்தக் காற்று குமிழியாகக் கிளம்பும், மூடியும் மிதந்து இடம் மாறும். அதனால் ஒவ்வொன்றின் குழியையும் எபாக்ஸியால் நிரப்பி, காயவைத்து, ஒட்டுகிறாள். பிறகு பலகை முழுக்க மெல்லிசாக ஒரு பூச்சு. மரத்தின் துளைகளில் இருக்கும் காற்று வெளியே வராமல் அடைக்கத்தான் அது.

அது இறுகிய பின் பெரிய ஊற்று. இரண்டு திரவம், சம அளவு. மெதுவாகக் கலக்க வேண்டும், வேகமாகக் கலக்கினால் காற்று ஏறும். கலந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது, வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறிக் கட்டியாகிவிடும். “அப்பா, விசிறியை நிறுத்துங்க! பேசாதீங்க! தும்மாதீங்க!” என்று உத்தரவு பறக்கிறது. ஊற்றுகிறாள். தேன் மாதிரிப் பரவி, மூடிகளைத் தாண்டி, விளிம்பு வரை தானே சமமாகிறது. இப்போதுதான் உச்சக்கட்டம். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, ஒரு சாண் உயரத்தில், நிற்காமல் வேகமாக வீசிக்கொண்டே போகிறாள். அனல் பட்ட இடத்தில் எபாக்ஸி இளகி, அடியில் மாட்டியிருந்த குமிழிகள் பட் பட் பட்டென்று வெடித்து மறைகின்றன. ஒரு நொடி அதிகம் நின்றால் மஞ்சளாகும். அவள் நிற்கவில்லை. மூச்சை விட்டவர்கள் நாங்கள்தான்.

24 மணி நேரம் யாரும் தொடக் கூடாது. முழுசாக இறுக மூன்று நாள்.

ஜிகினாவுக்கு அப்பால்

பளபளப்பெல்லாம் பார்த்தாயிற்று. துடைப்பமும் பார்த்துவிடுவோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயைக் காரக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்க பியர் தயாரிப்பாளர் சங்கத்தின் கையேடு சொல்லும் விதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலம் விட்டு, உள்ளே கல்லாகப் படியும் தாது உப்பை அகற்ற வேண்டும். குழாய் வாயைக் கழற்றி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். சோம்பல்பட்டால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். வெண்ணெய் வாசனை வந்தால் ஒருவகை பாக்டீரியா குடியேறிவிட்டது, வினிகர் வாசனை வந்தால் இன்னொரு வகை.

கேஸ் விஷயத்தில் விளையாட்டே கூடாது. ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடித்து, குமிழி வருகிறதா என்று பார்க்கிறார் பிளம்பர். 5 பவுண்டு திரவம் கசிந்தால் 1.2 கன மீட்டர் வாயுவாக விரியும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். பேஸ்மென்ட் என்பதே பள்ளம்தானே? எனவே படிக்கட்டு அடியில், முழங்கால் உயரத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அலாரம் ஒன்று. அது இல்லாமல் சிலிண்டரைத் திறக்க மகள் விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அப்பாவும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியாக ஊற்றும் முறை. கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, கைப்பிடியை ஒரே இழுப்பில் முழுக்கத் திறக்க வேண்டும். பயந்து பயந்து பாதி திறந்தால் அந்த இடுக்கில் பியர் அடிபட்டு நுரைக்கும். முக்கால்வாசி நிரம்பியதும் நிமிர்த்தினால் ஓர் அங்குல நுரை தானே வந்து உட்காரும்.

வீட்டில் இப்படி ஒன்று கட்டும் ஆசை யாருக்காவது முளைத்திருந்தால், மில்வாக்கி அப்பாவும் மகளும் ஒத்துப்போகும் ஒரே ஆலோசனையைச் சொல்லிவிடுகிறேன். மரம் பிறகு, பாலிஷ் பிறகு, பித்தளைக் கம்பி எல்லாவற்றுக்கும் பிறகு. முதலில் குளிர்ப்பெட்டியை வாங்குங்கள். ஒரு வாரம் வெறுமனே ஓடவிட்டு, எந்தப் பக்கம் சுடுகிறது என்று தொட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் காற்றுக்கு வழிவிட்டு பாரை வரையுங்கள். பியர் பழக்கம் இல்லாதவர்களும் ஏங்க வேண்டாம். இதே பெட்டி, இதே சிலிண்டர், கெக்கில் குடிதண்ணீர், 30 பிஎஸ்ஐ. வீட்டிலேயே குழாயைத் திறந்தால் சோடா!